இரும்பு மனுஷனோட வேர்வை ரிப்போர்ட்டு

...அளக்கறதுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலியா சார் இவங்களுக்கு? வேர்வைய அளக்கறாங்க! நகந்து உக்காருங்க, ஃபேன் காத்து உங்களுக்கும் கொஞ்சம் வரட்டும். உங்க நம்பர் என்ன, முப்பத்தாறா? எங்களுது முப்பத்தொண்ணு. உள்ள போன ஆள விடவே மாட்டேங்கறாரு இந்த டாக்டரு.

என்ன வியாதின்னா கேக்கறீங்க? வியாதியாவது ஒண்ணாவது! கண்ணாடி பாட்டில் கம்பெனில இருவத்தாறு வருஷமா உலை முன்னாடி நிக்கறவன் சார் நான். அங்க எனக்குப் பேரே இரும்புதான். ரெண்டு வாரம் முன்னாடி எல்லாருக்கும் ஒரு ஸ்டிக்கர் குடுத்தாங்க. பிளாஸ்திரி மாதிரி இருக்கும், உள்ள இழை இழையா குழாய். கையில ஒட்டிக்கணுமாம். ஊசி கெடையாது, ரத்தம் கெடையாது, வேர்வைய உறிஞ்சியே உப்பு எவ்ளோ போகுது, தண்ணி எவ்ளோ போகுதுன்னு கண்டுபுடிச்சிருமாம். ஏழு நாள் கழிச்சு சூப்பர்வைசர் அது மேல ஃபோனக் காட்டினா அத்தனையும் ஒப்பிச்சிருது. என் மச்சினன்கூட இவ்ளோ வேகமா கோள் சொல்ல மாட்டான்.

கோளாறு தெரிஞ்சா உலைய விட்டு எடுத்து, வாசல் கேட்டுல உக்கார வச்சிருவாங்கன்னு ஒரே பேச்சு. கேட்டுல! வர்ற லாரிக்கெல்லாம் சல்யூட் அடிச்சுக்கிட்டு! இரும்புக்கு இது தேவையா சொல்லுங்க. எனக்கு வேற கொஞ்ச நாளா அப்பப்ப தலை சுத்தும்... சரி, அத விடுங்க.

ஏழு நாள் முடிஞ்சுது. கம்பெனி டாக்டரம்மா கூப்பிட்டாங்க. "ஷிஃப்ட் எட்டு மணிக்குத்தானே, உங்களுக்கு ஏன் காலைல அஞ்சு மணிக்கே வேர்க்குது?"ன்னாங்க. "புழுக்கம் டாக்டர்"ன்னேன். "சாயங்காலம் வீட்டுக்குப் போயும் நிக்கலியே, என்ன பண்றீங்க?" "டிவி பாக்கறேன் டாக்டர்." "எல்லாத்தையும்விட ஞாயித்துக்கிழமைதான் அதிகம். அன்னிக்கு?" "படுத்திருந்தேன் டாக்டர்." நெஜமாத்தான் சார்! அன்னிக்கு என் கூட்டாளிங்க ஆறு பேரு சாப்பிட வந்தாங்க. சாப்ட்டுட்டு எல்லாரும் படுத்துட்டோம்.

அப்புறம் அந்தம்மா மொகமே மாறிப்போச்சு. "ஏழு ராத்திரியும் தூக்கத்துல தொப்பலா வேர்த்திருக்கு. இது வேலையால வர்றதா தெரியல. ஒடனே ரத்தம் எடுத்துப் பாக்கணும்"னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க.

அன்னிலேர்ந்து நாலு நாளா நான் கட்டில்ல. எங்க வீட்டுக்காரி காலப் புடிச்சு விடறா, தலையணைய சரி பண்றா, மணிக்கொரு தடவ உப்பும் சக்கரையும் கரைச்சு எடுத்துட்டு வர்றா. நானும் மகாராஜா மாதிரி வாங்கி வாங்கிக் குடிக்கறேன். இப்பக்கூட லிஃப்ட் ஓடலன்னு மூணு மாடி எறங்கிப் போயிருக்கா, எனக்குத் தண்ணி வாங்க.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? ...ம். சரி, உங்ககிட்டயாவது சொல்லித் தொலைக்கறேன். அந்த ஏழு நாளும் ஸ்டிக்கர் என் கையில இல்ல சார். அவ கையில.

தலை சுத்தறது வெளிய தெரிஞ்சிருமேன்னு பயம். சாதா பிளாஸ்திரி ஒண்ண ஒட்டி, முழுக்கை சட்டைய இழுத்து விட்டுக்கிட்டேன். அசல் ஸ்டிக்கர அவளுக்கு ஒட்டிட்டேன். ஏழாம் நாள் அத உரிச்சு என் கையில ஒட்டிக்கிட்டுப் போய் சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன். ஏன் அவளுக்குன்னு கேளுங்க. வீட்ல சும்மாதானே இருக்கான்னு! சும்மா இருக்கறவ வேர்வைல என்ன வந்துரப்போகுது, ரிப்போர்ட்டு ஜம்முனு வரும்னு நெனச்சேன் சார். எனக்கெல்லாம் மண்டைக்குள்ள களிமண்ணுதான்! கம்பெனி வேலைம்மான்னேன். எதுக்கு, ஏன்னு ஒரு வார்த்த கேக்காம கைய நீட்டினா.

இதுல கேவலம் என்ன தெரியுமா? ஒரு ராத்திரி எழுப்பி, "ஏங்க, துணியெல்லாம் நனைஞ்சு போச்சுங்க"ன்னா. "ஃபேன கூட்டி வை"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். ஒரு முழம் தள்ளித்தான் சார் படுத்திருந்தேன். அந்த ஸ்டிக்கருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல.

நாலு நாளா வாய் வரைக்கும் வருது, வெளிய வர மாட்டேங்குது. சொன்னா அந்த கேட் வேலைகூட மிஞ்சாது, வீட்டுக்கே அனுப்பிருவாங்க. சொல்லலைன்னா? என் ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல போங்கன்னுருவாங்க. அவளும் சிரிச்ச மொகமா வீட்டுக்கு வந்து, நேரா அடுப்படிக்குள்ள நொழைஞ்சிருவா. நெனச்சாலே பயமா இருக்கு சார்.

ஐயோ, முப்பத்தொண்ணா? எங்களுதுதான் சிஸ்டர், ஒரு நிமிஷம், இதோ வந்துட்டா. பாத்தீங்களா சார், எப்படி மூச்சு வாங்குதுன்னு... ஏம்மா, ஓடாத, மெதுவா வா. பைய எங்கிட்ட குடு. எனக்குத் தண்ணி வேணாம், நீ குடி. குடின்னா குடியேன்! அந்தச் சீட்டுல இருக்கற பேரு மட்டுந்தான் என்னுது. உள்ள போக வேண்டியது நீ.