கதவு திறந்தால் படை வந்ததாகக் கணக்கு

ஈயப் பொம்மைச் சிப்பாய்க்கு மீசை வரையும்போது மூச்சை அடக்க வேண்டும் ஐயா. கொஞ்சம் அசைந்தாலும் மீசை கன்னத்துக்குப் போய்விடும். எனக்கு அந்தப் பொறுமை உண்டு. என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எறும்புக்கும் வழிவிடுகிற ஆள் என்பார்கள்.

ஞாயிறு மதியங்களில் நானும் என் மனைவியின் தம்பியும் கூடத்து மேசையில் நெப்போலியனின் போர்களைத் திரும்ப நடத்துவோம். அவனுக்குப் பிடித்தது வாட்டர்லூ, நெப்போலியன் கடைசியாகத் தோற்ற இடம். நான்தான் நெப்போலியன். மேட்டில் நிற்கும் ஆங்கிலேயப் படையை நான் உடைக்க வேண்டும். அதற்குள் அவர்களுக்குத் துணையாகப் பிரஷ்யப் படை வந்துவிட்டால் என் கதை முடிந்தது. அந்தப் பிரஷ்யப் படை அவன்.

அவன் உள்ளறையில் வரைபடத்தோடு உட்கார்ந்து, பகடை உருட்டி, வழியைக் கடப்பான். நடுவில் கதவு சாத்தியிருக்கும். ஒருவரோடொருவர் பேசக் கூடாது. கதவு திறந்தால் படை வந்ததாகக் கணக்கு. விதி வைத்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் தட்டு நிறையச் சிப்பாய்களோடு, "வந்துட்டேன்ல மாமா" என்று சிரித்துக்கொண்டே நுழைவான். நல்ல பையன்தான். அந்தச் சிரிப்பு எனக்கு வயிற்றெரிச்சல்.

அன்று முதல் தடவையாகப் பாதி மேடு என் கையில் இருந்தது. இலை அசையாத புழுக்கம். சட்டையைக் கழற்றிக் கூடத்து நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தான். நெஞ்சுவலி மாத்திரை அந்தச் சட்டைப் பையில்தான் இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கதவுக்கு என் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். காற்றில் அடித்துக்கொள்ளக் கூடாதே என்றுதான்.

முதலில் தட்டினான்.

"மாமா, கதவு திறக்க வரல. நெஞ்சை அடைக்குது. மாத்திரை அங்க இருக்கு."

அவன் குறும்புக்காரன் ஐயா. ஒருமுறை பாம்பு பாம்பு என்று கத்தி, நான் கதவைத் திறந்ததும் படையோடு நுழைந்தவன். சூடு கண்ட பூனை நான். "இது என் முறை" என்றேன். பேசக் கூடாது என்ற விதியை நான் மீறியது அந்த ஒரு தடவைதான். அதற்கு வருத்தப்படுகிறேன்.

பிறகு கனமாக ஏதோ சரிந்தது. கதவின் அடியில் நகத்தால் கீறும் சத்தம் கேட்டது. நான் பகடையை உருட்டினேன். நல்ல எண்கள் விழுந்தன. மேடு முழுவதும் என்னுடையதானபோது அந்தச் சத்தம் நின்று நேரமாகியிருந்தது.

கடைக்குப் போயிருந்த மனைவி திரும்பி வந்து, "அவன் உங்களைக் கூப்பிடவே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன், அது நடிப்பில்லை. அந்தக் கதவைக் கழற்றிப் பழைய மரக்கடையில் போட்டுவிட்டேன். அப்படியும் மதியமானால் வெறும் நிலைப்படியில் யாரோ கீறுகிறார்கள். பயமாக இருக்கிறது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன்.

கதவைத் திறக்காமலே, மாத்திரை அட்டையை அடியில் தள்ளியிருக்கலாமே என்கிறீர்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தது, தோன்றாமல் இல்லை. ஆனால் மாத்திரை கிடைத்திருந்தால் அவன் எழுந்து அடுத்த பகடையை உருட்டியிருப்பான் ஐயா.