கெய்ரூஸ் கணவாயின் உயரம்

ஹலோ... வஜ்தியா? பெரியப்பா பேசுறேன்... ஆமா, மெல்ஹெம் பெரியப்பாதான். இது பாதிரியார் போன், வீட்டு லைன் செத்துப்போச்சு... இங்கயா? நான், உன் பெரியம்மா சல்வா, உன் அத்தை வர்தே, பாதிரியார் பூலோஸ். அவ்வளவு பேர்தான். புனித பார்பரா பண்டிகைக்குக் கோதுமை வெந்துகிட்டிருக்கு. அதை விடு.

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வர என் மகன் உன்கிட்ட வழி கேட்டானா?... ஆமா, ரம்ஸி... என்ன சொன்னே?... மழைதான், பனி இல்ல, தாராளமா கணவாய் வழியா ஏறுன்னா?

இல்ல, நான் கோவப்படல. எந்தக் கணக்குல சொன்னே?... ம்... ம்... ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல பனி, கீழ மழை. சரி. நம்ம கணவாய் ஆயிரத்து நூத்தம்பதுன்னு அங்க பலகையில போட்டிருக்கு. அதனால மழை... சரி.

வஜ்தி, அந்தப் பனி உயரத்தைக் கொஞ்சம் கீழ எறக்கிச் சொல்லேன்... உன் வானிலைப் பக்கத்தை மலை முழுக்கப் படிக்குது. ஆயிரத்து நூறுன்னு போட்டா யார் கேக்கப் போறா?... ஓ... கீழ ஊர்க்காரங்களும் கிளம்பாம நின்னுடுவாங்களா... ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருக்காங்களா... ஆமா. ஆமா, தப்புதான். பொய் சொல்லச் சொல்லல... சரி, சொன்னேன்.

நான் எப்படிடா சொல்லுவேன்? மூஞ்சியைத் திருப்பிகிட்டுப் போனவன், இத்தனை வருஷம் கழிச்சு வர்றான். அப்பன் போன் பண்ணி 'வராதே'ன்னா என்ன நினைப்பான்? அதுவும் நான். எங்க கணவாய்ல பனி நிக்காதுன்னு அவன் தொட்டில்ல கெடக்கும்போதே சொன்னவன். வண்டியில கைக்குழந்தை இருக்கு. பனியில ஓட்டச் சக்கரத்துக்குச் சங்கிலி கிடையாது... என்ன? மழை வலுத்தா?... குளிரையும் கூடவே இழுத்துகிட்டு எறங்குமா? அப்போ ஆயிரத்து நூத்தம்பதுலயும் பனி விழலாமோன்னு சந்தேகம்தானே... ஆமா, வெறும் சந்தேகத்துக்கெல்லாம் அவன் நிக்கமாட்டான். என் ரத்தம்.

...இரு. சல்வா, கதவைச் சாத்து... வேண்டாம் பாதிரியாரே, உக்காருங்க. நீங்களும் கேளுங்க.

வஜ்தி, பலகை பொய்... அதான் சொல்றேன், பலகை பொய். பனி விழற உயரத்துக்கு ரோடு கிடையாதுன்னு அரசாங்கத்துல கையை விரிச்சாங்க. உன் தாத்தா உயரத்தைக் குறைச்சுப் பலகை நட்டாரு. ரோடு வந்துச்சு. நம்ம குடும்பப் பேரு கணவாய்க்கு வந்துச்சு... அந்தக் காலத்துல மலையை அளந்த பிரெஞ்சுக்காரன் வரைபடமா? அவன் குடிச்சுட்டு அளந்தான்னு கிளப்பிவிட்டதே நம்ம வீடுதான். உயரத்தைச் செதுக்கி அவன் நட்ட கல்லு நம்ம ஆட்டுக்கொட்டில்ல வாசப்படியா கெடக்கு. எண் இருக்கிற பக்கம் மண்ணுக்குள்ள... ஆயிரத்து இருநூத்து எண்பது.

இப்போ சொல்லு. மழையா, பனியா?... பனி... விடியறதுக்குள்ள முழங்கால் வரைக்குமா?

கூப்பிடு அவனை. இன்னொரு போன்ல கூப்பிடு, நான் வைக்கமாட்டேன்... எடுக்கலையா? திரும்ப அடி... மறுபடியும் அடி... வஜ்தி, நான் யார்கிட்டயும் கெஞ்சினவன் இல்ல, உனக்குத் தெரியும். கெஞ்சுறேன், அடிச்சுகிட்டே இரு...

எடுத்துட்டானா? எங்க இருக்கான்?... அடிவாரத்துப் பெட்ரோல் பங்க்ல. ஏறல. சல்வா, அவன் இன்னும் ஏறல... அழாதே, கேக்க விடு.

என்ன சொல்றான்?... யாரு, பங்க்காரனா?... கெய்ரூஸ் கணவாய்ல பனியே விழாது, நீ வீட்டுக்கு வர்றது உங்கப்பனுக்குப் பிடிக்கல, அதான் கதை கட்டுறாருன்னானா?... ரம்ஸி நம்பிட்டானா?... வண்டியை எடுக்கப் போறானா?

நீ பேசாதே. ரெண்டு போனையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பிடி... பிடிச்சியா?

ரம்ஸி. அப்பாதான். நான் உன்னை வரவேண்டாம்னு சொல்லல. கணவாய் ஆயிரத்து இருநூத்து எண்பது மீட்டர். அங்க பனி விழும்.