ஓங்கரிச்ச கல்லு

கேட்டுக்கிடுங்கப்பா. ராசா காலமாம். இந்தக் கொன்னையேந்தல்ல பத்து முப்பது கூரைதான் இருந்துச்சாம். காட்டை வெட்டிக் குடியேறுனவுக எல்லாருமாச் சேந்து மொத வேலையாக் குடிக்கிறதுக்கு ஊருணி வெட்டுனாகளாம். அதுல கால் நனைக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, மாடு எறங்கக் கூடாதுன்னு ஊர்க்கட்டு. ஊருணிக்குக் காவல் சிலம்பாயிங்கிறவ வீடு. திருவிழா அன்னைக்கு மொதக் குடம் மோந்து ஊர் அம்பலத்துக்கு மரியாதையாக் குடுக்குறதும் அந்த வீடுதான்.

அப்ப அம்பலமா இருந்தவரு உடையணன். ஊருக்கே தலைவரு, பெரிய தலைவரு! அவருக்கு வீட்டுக்குள்ளயே கெணறு. அதனால என்ன செஞ்சாரு? வருசா வருசம் கோடையில தன் எருமைகளை ஊருணியில எறக்கிவிட்டாரு. எருமை சும்மாவா இருக்கும்? படுத்த எடத்துலயே சாணி, படுத்த எடத்துலயே மூத்திரம். தண்ணி பச்சையாப் போயி, மோந்தா புழு நெளியுமாம். சீ!

ஊர்க்காரவுக கேட்டாகளா? கேக்கல! வேட்டியில வடிகட்டிக் குடிச்சாக. குடிச்சுப்புட்டு, "அம்பலம் வீட்டு எருமையாச்சே, தண்ணி ஒரு குளுமையாத்தான் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டாகளாம். தூ! நாறப் பொழப்பு.

சிலம்பாயிக்குப் புருசன் இல்ல. அந்தத் தண்ணியைக் குடிச்சு மூத்தவன் வாந்தி பேதியில போயிட்டான். இப்ப எளையவனும் பாயோட பாயாக் கெடக்கான். அம்பலம் வாசல்ல போயி நின்னாளாம்.

"ஐயா, எருமையைக் கரையேத்துங்க. இல்லாட்டி உங்க கெணத்துல ஒரு குடம் மோந்துக்கிடுறேன். இருக்கிறது ஒத்தப் பிள்ளை."

"கண்டவுக வாளியெல்லாம் எங்கெணத்துல விழாது. ஊருணித் தண்ணி தேனுன்னு ஊரே சொல்லுது, உனக்கு மட்டும் என்னடி கசக்குது?"

அவ அங்க நின்ன ஊர்க்காரவுகளைத் திரும்பிப் பாத்தா. "நீங்களாச்சும் சொல்லுங்க." ஒருத்தன் வானத்தைப் பாத்தான். ஒருத்தன் தன் கால் கட்டைவிரலைப் பாத்தான்.

திருவிழா வந்துச்சு. எருமை எறங்குன நாள்ல இருந்து, மொதக் குடத்துக்கு மட்டும் அம்பலம் வீட்டுக் கெணத்துத் தண்ணியைக் கமுக்கமாக் குடுத்தனுப்புவாக. அன்னைக்கும் வந்துச்சு. சிலம்பாயி அந்தத் தண்ணியை மகன் தலைமாட்டுல வச்சுட்டு, வெறுங்குடத்தை எடுத்துட்டுப் போயி ஊருணித் தண்ணியையே மோந்துக்கிட்டு வந்தா.

கொட்டு முழங்குது. அம்பலம் தலையில உருமா கட்டி நிக்கிறாரு. சிலம்பாயி குடத்துத் தண்ணியைச் செம்புல ஊத்திக் குடுத்தா. செம்பைத் தூக்குனவருக்கு மூக்கு சுருங்கிருச்சு.

"என்னடி இது?"

"தேனுங்கய்யா. ஊரே சொல்லுது."

வேண்டாம்னா மொத மரியாதை பங்காளிக்குப் போயிரும். பங்காளி பக்கத்துலயே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. அம்பலம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு மடக்கு குடிச்சாரு. அம்புட்டுத்தான். ஓடிப்போயி படித்துறைக் கல்லைப் பிடிச்சுக்கிட்டு, உவ்வே, உவ்வேன்னு ஓங்கரிச்சாரு. தின்ன பொங்கலு, பணியாரம் எல்லாம் கல்லு மேல.

அப்பவும் பாருங்க, ஒருத்தன் ஓடியாந்து தன் துண்டால அவரு வாயைத் தொடைச்சானாம். "ஐயாவுக்கு வெயில் ஒத்துக்கல"ன்னானாம். இன்னொருத்தன் விசிறுனானாம். பெத்த பிள்ளைக்கு விசிறாத கை!

சிலம்பாயிக்கு அம்பலத்து மேல இருந்த ஆத்திரமெல்லாம் அந்த நிமிசத்துல ஊர் மேல திரும்பிருச்சாம். கூட்டத்தைப் பாத்துக் காறித் துப்புனா.

"ஒரு மடக்குக்கே அந்த மனுசன் கொடலைக் கக்கிட்டாரு. நீங்க கோடை முச்சூடும் குடிச்சீகளே, ஒருத்தனுக்காச்சும் கொமட்டுச்சா?"

விசிறுனவன் கையை எறக்குனான்.

மறுநாள் எருமை எறங்கல. ஊருணியை எறச்சுத் தூர்வாருனாக. எளையவன் பொழச்சுக்கிட்டான். இந்தா கெடக்குதே படித்துறையில, இதுதான் ஓங்கரிச்ச கல்லு. எந்த அம்பலம் வந்தாலும் திருவிழா அன்னைக்கு இது மேல நின்னு ஊருணித் தண்ணியைக் குடிச்சுக் காட்டணும். செம்பு குடுக்கிறது அந்த எளையவன் வம்சத்துப் பொம்பளை. அம்பலம் குடிச்சு முடிச்சதும் அவ திரும்பி, ஊரைப் பாத்துக் காறி ஒரு துப்பு துப்புவா.

வெளியூர்க்காரவுக ஏதோ திருஷ்டி கழிக்கிறான்னு நெனச்சுக்கிடுவாக. நம்ம ஆளுக யாரும் வெளக்கம் சொல்றதில்ல. மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவோம்.