ஒப்பிட ஒரு நல்ல துண்டு

மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு என் மனைவியின் சிக்கல் உடனே புரியும். காலையில் பிடித்ததா, நேற்றையதா என்று செவுளைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூளையும் அப்படித்தான். இரத்த ஓட்டம் நின்றதுமே அதிலுள்ள புரதங்கள் குலையத் தொடங்கிவிடும்.

அவள் ஆராய்ச்சியே அந்தப் புரதங்களைப் பற்றியதுதான். ஒரு நரம்பணு அடுத்ததிடம் சேதி சொல்லும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். கண்ணுக்கே தெரியாத அந்த இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றன. எது எவ்வளவு என்று அளப்பது அவள் வேலை. நான் மூளை அறுவை மருத்துவன். வலிப்பு மருந்துக்கு அடங்காதபோது, அது கிளம்பும் இடத்தை வெட்டி எடுப்பேன். எடுத்த துண்டை, நோயாளியின் சம்மதத்தோடு, உடனே உறையவைத்து அவளிடம் கொடுப்பேன். அதுவரை எல்லாம் ஊரறிய நடந்ததுதான்.

ஆனால் அவள் கட்டுரை எந்த ஆய்விதழுக்குப் போனாலும் சுவரில் அடித்த பந்துபோலத் திரும்பி வந்தது.

“நோய் வந்த மூளை இப்படி இருக்குன்னு சொல்றீங்க, சரி, நல்ல மூளை எப்படி இருக்கும்னு கேக்கறாங்க. அதுக்கு நான் எங்கங்க போவேன்?” என்றாள் ஒருநாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அணைக்கவில்லை.

இறந்தவர்களின் மூளை எப்போதும் தாமதமாகவே வந்தது. எலியின் மூளை எலிக்குத்தான் பதில் சொன்னது. அவள் குளிர்பெட்டியின் கதவை அறைந்து சாத்தத் தொடங்கினாள். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனாள். நானோ நல்ல மூளையைத் தினமும் கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பவன். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா?

நோயுள்ள இடத்தைச் சுற்றி நல்ல திசு இருக்கும். கத்தி கொஞ்சம் தள்ளிப்போனால் யாருக்கும் தெரியாது. முதலில் ஒரு தையல்காரரிடம் எடுத்தேன், பட்டாணி அளவு. நோயை எட்ட எப்படியும் எடுக்க வேண்டியிருந்தது என்று மனைவியிடம் சொன்னேன். நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்?

தையல்காரர் பிறகு பரிசோதனைக்கு வந்தார். “நூல் கோப்போமே டாக்டர், அந்த இது... அதுக்குப் பேரு என்ன?” என்றார்.

“ஊசி” என்றேன்.

“ஆமா, ஊசி” என்று சிரித்தார். ஒரு சொல்தானே. நான்தான் எடுத்துக் கொடுத்துவிட்டேனே.

அதன்பின் வேறு சிலர். மனைவி மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டாள். இன்னும் ஒரே ஒரு நல்ல துண்டு கிடைத்தால் எழுதி முடித்துவிடலாம் என்றாள்.

அடுத்து வந்தவன் அவளுடைய தம்பி. ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பேச்சின் நடுவில் வலிப்பு வந்து விழுவான், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் கத்தி எடுப்பதில்லை. அவன்தான் பிடிவாதம் பிடித்தான்.

“கண்டவங்க கையில தலையைக் கொடுக்க மாட்டேன் அத்தான், நீங்களே திறங்க. உள்ள ஒண்ணும் இல்லேன்னா மட்டும் அக்காகிட்ட சொல்லிடாதீங்க” என்றான். துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும் அவனே சம்மதித்தான்.

மூளையின் பக்கவாட்டில் நோயுள்ள பகுதியைச் சுத்தமாக எடுத்தேன். அவனுக்கு அதன்பின் வலிப்பு வரவேயில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த எல்லைக்கு அப்பால், முன்பக்கமாக, ஒரு பாதாம் பருப்பளவு எடுத்தேன். அது பேச்சின் இடம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது என் தொழிலுக்கு அவமானம். இவனிடம் பேச்சு தாராளமாக இருக்கிறது, கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

விழித்தவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

“வீக்கம் வடிஞ்சதும் பேசிடுவான், மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மாமியார் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்தவள் என் மனைவி. மூளையின் ஒவ்வொரு பகுதியிலும் அந்தப் புரதங்களின் கலவை வேறுபடும். அதை நான் யோசிக்காமல் விட்டது தவறுதான். ஒரு மத்தியானம் அவள் என் அறைக்கு வந்து, உட்காராமல் நின்றாள்.

“டப்பாவுல பக்கவாட்டுப் பகுதின்னு எழுதியிருக்கீங்க. அளந்தா அப்படி வரலைங்க. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். இது அவன் பேசற இடம்.”

“உனக்காகத்தான்” என்றேன்.

“நான் கேட்டேனா?”

திரும்பி வெளியே போனாள். நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். தையல்காரர் முதல் எல்லாரிடமும் எடுத்தது நான்தான். மறுக்கவில்லை. எனக்கு ஆற்றாமை ஒன்றுதான். அவ்வளவு துல்லியமான அளவீடு இதுவரை அவளுக்குக் கிடைத்ததே இல்லை. அதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாள். இத்தனை பேர் பட்ட பாட்டை ஒருத்தி இப்படி வீணடிக்கலாமா? நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?

நேற்று என் மைத்துனனை இங்கே அழைத்து வந்தீர்கள். எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்துபோனான். அவனுக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பான்.