மூடிக் என்ற பெயர்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நல்ல ஆட்டிறைச்சி வேண்டுமென்றால் ஞாயிறு காலையிலேயே கடைக்குப் போய்விட வேண்டும். அன்றும் போனேன். அண்ணை கபிரியேல் சுவீடனிலிருந்து வந்திருந்தான். என் மகனின் ஞானஸ்நானத்துக்காக வந்தவன். வீட்டில் எலும்பு வெட்டித் தருகிறேன் என்று கத்தியை வாங்கி, கையையும் வெட்டிக்கொண்டான்.

காயத்துக்குத் துணி சுற்றிவிட்டு மேசையில் அமர்ந்து தன் புதுப்பெயரின் கதையைச் சொன்னான். அவன் மனைவி உல்லாவின் பூட்டன் ஒரு சிப்பாய். படையில் ஒரே பெயரோடு பல பேர் இருந்ததால், அதிகாரி அவனுக்கு மூடிக் என்று பெயர் வைத்தானாம். துணிந்தவன் என்று பொருள். அவன் படையை விட்டுப் போனதும், அவனுக்குக் கொடுத்த குடிசையும் பெயரும் அடுத்த சிப்பாய்க்குப் போயின. இப்படி ஒரு சொட்டு இரத்த உறவில்லாதவர்களெல்லாம் மூடிக் ஆனார்கள். கலியாணம் முடித்து அண்ணையும் மூடிக் ஆனான்.

"போத்தல் மூடியோ?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பா பத்திநாதரை யாழ்ப்பாணத்தில் இராணுவம் கொண்டுபோனது எண்பத்தைந்தில். அவர் திரும்பவில்லை. அதே வருடம்தான் இவன் அவர் பெயரைக் கழற்றி எறிந்தான்.

"பிள்ளைக்கும் அந்தப் பேர்தானோ?"

"ஓம். எமில் மூடிக். அங்கை பள்ளிக்கூடத்திலை அவனுக்குச் சுகம்."

"அப்பான்ர பேர்?"

"அது அப்பான்ர சொந்தப் பேரடா, பேனாட். அதைக் குடும்பப் பேர் எண்டு உனக்கு எழுதினவன் இஞ்சத்தைப் பிரெஞ்சுக்காரன். அப்பான்ர அப்பாவின்ரை பேர் வேறையெல்லோ?"

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் தாங்க முடியவில்லை. அதன் பிறகு நான் அவனோடு அதிகம் பேசவில்லை. ஞானஸ்நானம் முடிவதற்குள் காயம் சீழ் பிடித்தது. கை தோள்வரை சிவந்து, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கினான். நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுடைய கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, நீங்கள் உறவா என்று தாதி என்னிடம் கேட்டாள்.

"இல்லை," என்றேன். "பெயரைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் வந்து தங்கியிருந்தவர்."

ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

சின்ன வயதில் அவனுக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். கழுத்து வீங்கி, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனை முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார். இன்னொரு முறை போட்டால் பிழைக்க மாட்டான் என்று டாக்குத்தர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

தாதி பென்சிலின் ஊசியோடு வந்தாள். அண்ணைக்கு அந்த நேரம் கொஞ்சம் தெளிவு வந்தது. என் சட்டையைப் பிடித்தான்.

"தம்பி, ஊசி வேண்டாமெண்டு சொல்லடா."

என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள்.

"சுவீடன் மொழி போல இருக்கிறது," என்றேன். "எனக்கு விளங்கவில்லை."

அவன் என்னைப் பார்த்தான். நான் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டேன். வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே ஆட்கள் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றது.

உல்லா சுவீடனிலிருந்து வந்து, "தம்பி கூடவே இருந்தாரே, அந்த ஊசி ஆகாதென்று அவருக்குத் தெரியுமே" என்று கேட்டிருக்காவிட்டால் நீங்கள் என்னை விசாரணைக்கு அழைத்திருக்க மாட்டீர்கள். அவளை நான் குறை சொல்லவில்லை. அந்த மருந்து அவனைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை.

கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் யாரோ ஒரு மூடிக். அவர்மேல் எனக்கு என்ன கோபம்?