நான்காய் மடித்த இடைக்கச்சை

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காற்புள்ளியையும் காத்தவரே! அடிக்கும் கைகள் ஆயிரம் இருந்த கட்டடத்தில் எழுதும் கை ஒன்றால் எல்லாரையும் ஆண்டவரே! கீழே முந்நூறு பேர் மூச்சு வாங்க, மாடியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் மூச்சு விடாமல் உழைத்த அம்மையீர்! எங்கள் தற்காப்புக் கலைச் சங்கத்தின் உறுப்பினர் இதழை நானூற்றெட்டு முறை பெற்றெடுத்த ஆசிரியர் அம்மா! தங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, இதழ் அலுவலகத்தார் ஐவரும் கைகூப்பிப் படித்தளிக்கும் மடல் இது.

இதை எழுதும் வேலையை எல்லாரும் சேர்ந்து மெய்ப்புக்காரர் தலையில் கட்டினார்கள். பிழை பார்க்கிற ஆள் பிழையில்லாமல் எழுதுவார் என்று நம்பிவிட்டார்கள், பாவம். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடங்களில் அவர் ‘மெய்ப்புக்காரர்’ என்றே எழுதியிருக்கிறார். ‘நான்’ என்று சொல்லும் துணிச்சல் வந்தால் கடைசியில் சொல்வார். மடல் ஏன் அச்சில் இல்லாமல் கையெழுத்தில் இருக்கிறது என்று தாங்கள் கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பது தெரிகிறது, அம்மா. காரணம் வரும்.

நிலை அறியாதவர், நிலை தவறினால் அறிபவர் தாங்கள்! ஒரு குத்துக்கூடக் கற்றதில்லை. ஆனால் படத்தில் எவன் இடது கால் ஒரு விரற்கடை விலகி நின்றாலும் சிவப்புப் பென்சில் அங்கே போய் நிற்கும். மாநில அளவில் பதக்கம் வாங்கியவர்கள் தங்கள் அறை வாசலில் பள்ளிப்பிள்ளை மாதிரி கைகட்டி நின்றதை நாங்கள் கண்டோம். கட்டுரையில் தன்னையே ஏழு முறை ‘மாவீரன்’ என்று எழுதிக்கொண்டவருக்குத் தாங்கள் ஆறை அடித்துக் கொடுத்தீர்கள். “ஒண்ணு இருக்கட்டும், உங்க அம்மா படிப்பாங்க” என்றீர்கள்.

வந்திருக்கும் விருந்தினர்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கீழே பெயர் கூப்பிடுவது இதழின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துத்தான். அங்கே மூப்பு வரிசையில் உறுப்பினர் பட்டியல் இருக்கும். பட்டியலில் இருப்பவர் ‘உள்ளேன்’ என்பார். இல்லாதவர் கூடத்தில் கால் வைக்கலாகாது. ஒருமுறை நூறு கிலோ எடையுள்ள ஒருவர் பெயர் விடுபட்டுப்போயிற்று. அடுத்த இதழ் வரும்வரை மனிதர் ஒரு மாதம் வாசற்படியில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தார். அவ்வளவு பெரிய உடம்பைத் தங்கள் ஒரு வரி வெளியே நிறுத்திற்று! நாங்கள் அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்திருக்க வேண்டாம் என்று பிற்பாடு தோன்றிற்று.

இன்னொரு வழக்கமும் உண்டு. பயிற்சி உடைமேல் கட்டும் பெல்ட்டை நம் இதழ்த் தமிழில் இடைக்கச்சை என்போம்; அதில் பெயர் தைப்பதும் பிரிந்ததைத் தைப்பதும் நம் அலுவலகம்தான். பயிற்சியை விட்டு விலகுகிறவர் அதை மூன்றாய் மடித்து அலுவலகத்துக்கு அனுப்புவார். இறந்தவருடையதை வீட்டார் நான்காய் மடித்து அனுப்புவார்கள். துக்க வீட்டில் யார் உட்கார்ந்து கடிதம் எழுதுவார்கள்? மடிப்பே சேதி. நான்கு மடிப்பு வந்தால் ஏழாம் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு, தாங்கள் அஞ்சலி எழுதுவீர்கள். கட்டத்துக்குள் போன பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் கூப்பிடுவதும், அந்தப் பெயருக்கு எதிரில் நிற்பதும் கூடத்தில் ஆகாது.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தவர் மெய்ப்புக்காரர். உள்ளே ஒரு கச்சை, அழகாகத் தேய்த்து, நான்காய் மடித்து இருந்தது. ஓரத்தில் தைத்த பெயரைத் தாங்கள் படித்ததும் நாற்காலியில் அப்படியே சாய்ந்தீர்கள். கடைசி வரிசையில் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பாரே, எல்லாரும் கொக்கு என்று கூப்பிடுவோமே, அவருடையது. வயது முப்பத்தெட்டு.

ஒரு மணி நேரத்தில் அஞ்சலி எழுதினீர்கள். அதைப் போல ஒன்று அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. கடைசி இரண்டு வரி இப்படி: ‘மூப்பு அவரைத் தீண்டாது. எங்கள் கடைசி வரிசையில் அவர் என்றும் நிற்பார்.’ மெய்ப்புக்காரர் ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதழ் வந்த மறுநாள் காலை மாடிப்படியில் காலடிச் சத்தம். கொக்கு வந்து நின்றார். கையில் இதழ்.

“அம்மா, ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. படிச்சு அழுதுட்டேன். ஆனா நான் இருக்கேனே.”

தாங்கள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “ஐயோ தம்பி! உக்காருங்க, உக்காருங்க. நாலா மடிச்சு வந்துச்சே!”

“உறை சின்னது. வீட்டுக்காரி அதுல அடங்கற மாதிரி மடிச்சிருப்பா. நுனி பிரிஞ்சுபோச்சு, தைச்சுக் குடுங்கன்னு சீட்டுகூட வச்சாளே?”

“சீட்டா? எதுவும் வரலையே” என்று தாங்கள் மெய்ப்புக்காரரைப் பார்த்தீர்கள். அவர் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவால்லம்மா. அடுத்த மாசம் திருத்தம் போட்டுடுங்க. அவசரமில்ல” என்று கொக்கு சிரித்துக்கொண்டே போனார்.

அன்று மாலை தலைமைப் பயிற்சியாளர் பெயர் கூப்பிட்டார். கொக்கின் இடம் வந்ததும் தாண்டிப் போனார். “கட்டத்துல வந்த பேரை நான் எப்படிக் கூப்பிடுறது? பட்டியல் வரட்டும்” என்றார். ஆளை வெளியே போகச் சொல்லவும் மனம் வரவில்லை. இணை பிரித்தபோது யாரும் அவர் எதிரில் போகவில்லை. அவர் வெற்றிடத்தை வணங்கி, வெற்றிடத்தோடு மோதி, வெற்றிடத்தை வணங்கிவிட்டுப் போனார்.

அடுத்த இதழில் தாங்கள் நான்கு வரித் திருத்தம் எழுதினீர்கள். பட்டியலிலும் பெயரைச் சேர்த்தீர்கள். மெய்ப்புத் தாளில் இரண்டும் இருந்தன. மெய்ப்புக்காரர் பார்த்துக் கையெழுத்திட்டார். இதழ் வந்தபோது திருத்தம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வரி அளவுக்கு வெள்ளைத் தாள். பட்டியலிலும் இரு பெயர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. அச்சகத்துக்காரர் வந்து தலையைச் சொறிந்தார். “தாள்ல இருக்கு சார், அச்சுல ஏறல. மிஷின்ல கோளாறுன்னா மத்த வரி எப்படிப் பளிச்சுனு விழும்?” அதற்கடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் வேறோர் அச்சகத்தில் கொடுத்தோம். அங்கேயும் நான்கு வரி வெள்ளை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று செயற்குழு தங்களைத் தேற்றிற்று. தாங்கள் தேறவில்லை. “விசாரிக்காம எழுதினது நான். தப்பு என்னோடது” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற மெய்ப்புக்காரர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் ஆண்டு கொக்கின் மனைவி படியேறி வந்தார். தாங்கள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “பத்திரிகையை நிறுத்திடுங்கம்மா. வாசிக்க ஆளில்ல.”

“அவர் எங்க போயிட்டார்?”

“எங்கயும் போகல. சாயங்காலம் கிளம்புறார், விடிஞ்சா வர்றார். தட்டு வைக்கிறேன், வச்சபடி இருக்கு. கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறார். நீங்க எழுதினதுல எது தப்பு, எது சரின்னு எனக்கே இப்பத் தெரியல.”

அவர் போன பிறகு தாங்கள் நெடுநேரம் பென்சிலைத் தொடவில்லை. ஆறு மணி அடித்ததும் எழுந்தீர்கள். கீழே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்தீர்கள். கொக்கின் எதிரில் நின்று வணங்கினீர்கள். அவர் கை வந்தது. தாங்கள் ஓரடி பின்வாங்கினீர்கள். மறுபடி வந்தது, மறுபடி ஓரடி. கறுப்புக் கட்டத்துக்கு எதிரில் நிற்கலாகாது என்று சொல்லத் தலைமைப் பயிற்சியாளர் வாயெடுத்தார். தாங்கள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அன்று தொடங்கியது இருபத்துமூன்று ஆண்டு! மழையென்று நின்றதில்லை, காய்ச்சலென்று கிடந்ததில்லை, முழங்கால் வீங்கியபோது நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தீர்கள். எங்கள் எல்லார் தலையும் வெளுத்தது. பயிற்சியாளருக்குப் பல் போயிற்று. கொக்கின் மீசையில் ஒரு நரை இல்லை. புதிதாய்ச் சேர்பவர்களில் சிலர், “கடைசி வரிசையில நிக்கிறவர் யாரு சார்? பேசவே மாட்டேங்கிறாரே” என்பார்கள். வேறு சிலர் அந்த இடத்தை நேரே கடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, திடீரென்று குளிருகிறது என்பார்கள். அங்கே விரிப்பை மூன்று முறை மாற்றியாயிற்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பாதம் அளவுக்குத் தேய்ந்த குழி விழுகிறது.

போன வாரம் தாங்கள் மேசையைக் காலி செய்துகொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னீர்கள்: “நான் தங்கச்சி ஊருக்குப் போயிட்டா அவர் எதிர்ல யார் நிப்பா?” அறையில் இருந்தவர் மெய்ப்புக்காரர் ஒருவர்தான். அவர் பெரிய அகராதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. பொட்டலத்தைப் பிரித்த அன்று மெய்ப்புக்காரர் அகராதியில் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். கச்சைக்குள் இருந்த சீட்டைப் படிக்காமலேயே பக்க அடையாளமாக வைத்து மூடினார். மறந்தும்போனார். கொக்கு வந்து நின்று ‘சீட்டு’ என்ற நொடியில் நினைவு வந்தது. சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். நாளை நாளை என்று இருபத்தாறு ஆண்டு போயிற்று. தாங்கள் மாலைதோறும் படியிறங்கிப் போவதை மேலே நின்று பார்த்தார். ஒருநாளும் கூட இறங்கவில்லை. அந்தச் சீட்டு இம்மடலின் கீழ் மூலையில் ஒட்டப்பட்டிருக்கிறது: ‘நுனி பிரிந்துவிட்டது. தைத்து அனுப்பவும்.’

அதை மறைத்தவன் நான்.

அம்மா, இந்த அலுவலகத்தில் ஒருவரைப் பற்றி அழகாக எழுதுவது எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் எழுதிய மடலில் ‘என்றும் இளமையோடு வாழ்க’ என்று எழுதினேன். எழுதிய கையோடு கிழித்துப்போட்டேன். அச்சில் ஏற்றினால் எது விழும், எது விழாது என்று தெரியாததால் கையால் எழுதினேன். ஆகவே எங்கள் வாழ்த்தைச் சொல் எண்ணித் தருகிறோம். தங்கள் தலையில் மிச்சமுள்ள கறுப்பு முடியும் வெளுக்கட்டும். தோல் சுருங்கட்டும். முழங்கால் வலித்து, தங்கை தைலம் தேய்த்துவிட்டு, அது குறையட்டும். பசிக்கட்டும், தூக்கம் வரட்டும். போதும் என்று தங்களுக்கே தோன்றும் நாள்வரை நலமாக இருங்கள்.

நாளை ஆறு மணி முதல் அவர் எதிரில் நான் நிற்பேன். அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. கச்சையின் நுனியை நேற்றுத் தைத்தாயிற்று. மடிக்காமல் மேசைமேல் விரித்து வைத்திருக்கிறோம். இத்தனை ஆண்டுகள் அச்சிலேயே திருத்தப் பார்த்தோமே தவிர, கூடத்தில் ஒருவரும் வாய்திறந்து அவரைக் கூப்பிடவில்லை. தலைமைப் பயிற்சியாளரிடம் அனுமதி கேட்டேன். “பட்டியல்ல இல்லாத பேரை நான் கூப்பிட மாட்டேன். நீ கூப்பிடு. நான் காது கேக்காத மாதிரி இருந்துக்கறேன்” என்றார். மணி ஆறாகப் போகிறது. படித்து முடித்ததும், நாம் கூடியிருக்கும் இந்தக் கூடத்தின் கடைசி வரிசையைப் பார்த்துக் கூப்பிடுவேன். கையெழுத்துகளுக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறோம். பதில் வந்தால் தாங்களே தங்கள் பென்சிலால் அதை நிரப்பிச் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் வெறுமையாகவே சட்டம் போடுங்கள்.

தங்கள் நிழலில் வளர்ந்த இதழ் அலுவலகத்தார்,
படம் எடுப்பவர்
பக்கம் கட்டுபவர்
முகவரி ஒட்டுபவர்
மாடி பெருக்கும் அக்கா
மெய்ப்புக்காரர்

கொக்கு!

[சிவப்புப் பென்சிலில்:] ‘உள்ளேன்’ என்றார். குரல் உடைந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன், தலை முழுக்க நரை.