எரிந்து அணைய வேண்டிய விளக்கு

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் நான். சமையலறை வாசலை ஒட்டி, பிரம்பு மோடாவில், என் மனைவி ராசாத்தாள். நடுவில் கிடந்த சோபாவில் தமிழ்ச்செல்வனும் அவர் மனைவி மெர்சியும். இருவரும் முதுகைச் சாய்க்காமல் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பழைய கார் விலைபோனது, அவர்கள் அங்கே உட்கார்ந்ததால்தான். அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

வரிசையாக எழுதுவது அன்னூர் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது படிந்த பழக்கம். பட்டா மாறுதல் மனுவோ, மின்வாரியத்துக்குப் புகாரோ, எங்கள் ஊரில் எழுத வேண்டியவர்கள் அப்புசாமி என்று என் பெயரைச் சொல்லிக் கொண்டுதான் வருவார்கள்.

தமிழ்ச்செல்வனின் அப்பா மாசாணம், எங்கள் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் கட்டியவர். அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவருக்கென்று ஒரு டம்ளர் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கவிழ்ந்திருக்கும். மகன் படித்து, ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் ஆகிவிட்டார். எங்கள் பழைய காரைக் கொடுக்கப் போகிறேன் என்று நான்தான் அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மெர்சி விவரமான பெண். செல்போனில் என்னென்னவோ பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அய்யா, சாவியத் திருப்புனா டேஷ்போர்டுல எல்லா லைட்டும் எரியோணுமாங்க. இஞ்சின் ஸ்டார்ட் ஆனா அணைஞ்சரோணுமாங்க. அணையாட்டி கோளாறு. எரியவே இல்லீனா அதவிட மோசம், பல்பையே கழட்டிட்டாங்கன்னு அர்த்தமாமுங்க."

"காருக்கு ஸ்கேன் எடுத்துப்போட்டுத்தான் போவாளுங்கய்யா. கல்யாணத்துக்கு முன்னால என்னைய இப்படிப் பாத்திருந்தான்னா தப்பிச்சிருப்பா" என்றார் தமிழ்ச்செல்வன்.

"அப்பவே உங்களுக்கு எல்லா லைட்டும் எரிஞ்சுதான் கெடந்துச்சு. எனக்குத்தான் தெரியல" என்றாள் அவள். ராசாத்தாள்கூடச் சிரித்துவிட்டாள்.

மெர்சி போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒவ்வொரு விளக்காக விரலை நீட்டி எண்ணினாள். உட்கார்ந்திருக்கும் ஆளின் முன்னால் ஒரு உருண்டை இருப்பது போன்ற படம், ஏர்பேக்குக்கான சிவப்பு விளக்கு. அதுவும் எரிந்தது. இஞ்சின் பிடித்ததும் எல்லாம் அணைந்தன. அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

உள்ளே வந்த பிறகும் அவளுக்கு ஒரு எண்ணம் பாக்கியிருந்தது. "எங்க தெரு மெக்கானிக்க ஒருக்காக் கூட்டியாந்து காட்டிப்போட்டு..."

"மெர்சி" என்றார் தமிழ்ச்செல்வன், குரலைத் தாழ்த்தி.

"அதுக்கென்ன அம்மணி, தாராளமாக் கூட்டியாங்க. எம் பையன் ஓட்டுன வண்டிதான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ராசாத்தாள் காபி கொண்டுவந்தாள். நாங்கள் குடிக்கும் அதே டம்ளர்களில் கொண்டுவர வேண்டும் என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். தமிழ்ச்செல்வன் இரண்டு கையாலும் வாங்கினார். டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மெக்கானிக்கெல்லாம் வேண்டாமுங்கய்யா. உங்க வார்த்தைக்கு மேல என்னுங்க."

வாசலில் நிற்க வைத்துப் பேசியிருந்தால் மெக்கானிக்கைக் கூட்டி வந்திருப்பார். உள்ளே உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்தவரால் அது முடியாது. இது எனக்கு முன்பே தெரியும்.

இனி வண்டியைப் பற்றி. விற்பதற்கு ஐந்து மாதம் முன்பு என் மகன் சபரீஷ் அதைப் புளியமரத்தில் மோதினான். முன்னால் இருந்த இரண்டு ஏர்பேக் பைகளும் வெடித்து விரிந்தன. மூக்கில் ஒரு கீறலோடு இறங்கி நடந்து வந்தான். ராசாத்தாள் பால்குடம் எடுத்தாள். அந்தப் பை ஒரு உயிரை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவன் குடித்திருந்தான். கோபிப் பக்கம் பெண் நிச்சயமாகியிருந்த நேரம். அதனால் போலீசுக்கும் இன்சூரன்சுக்கும் போகவில்லை. கம்பெனியில் விட்டால் பதிவாகும் என்று, கணபதியில் பட்டறை வைத்திருக்கும் கண்ணையாவிடம் விட்டேன். அவர் பைகளின் மேல்மூடியை மட்டும் புதிதாகப் போட்டார். உள்ளே ஒன்றுமில்லை.

"பேக் இல்லீனா லைட்டு அணையாதுங்க. பல்பக் கழட்டுனா வாங்கறவங்க கண்டுபுடிச்சுருவாங்க. ஆயில் லைட்டோட சேத்துக் குடுத்தர்றனுங்க. அது எரியறப்ப இதும் எரியும், அணையறப்ப அணையும்" என்றார். சுத்தமான வேலை.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு விற்றால் டேஷ்போர்டைத் தட்டிப் பார்ப்பார்கள். பெயிண்ட் எப்போது அடித்தது என்று கேட்பார்கள். பொழுது சாய்வதற்குள் பேச்சு கோபியில் பெண் வீட்டுக்குப் போய்விடும். கேட்காத ஆள் வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். பை இல்லை என்று தெரிந்தே விற்றேன். கெடுதல் நினைக்கவில்லை. பை என்பது மோதினால்தான். மோதாத வரைக்கும் அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை.

விற்று ஏழு மாதம் கழித்து, தமிழ்ச்செல்வனும் மெர்சியும் கோவில்பாளையம் தாண்டி, சாயங்கால மழையில் விளக்கில்லாமல் நின்ற டிராக்டர் டிரெய்லரின் பின்னால் மோதினார்கள். இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். அவருக்கு விலா எலும்பு முறிந்தது. பின்னால் இருந்த அவர்களின் ஐந்து வயதுப் பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. மெர்சியின் தலை முன்பலகையில் அடித்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் மாலையோடு போனேன். எனக்கு நாற்காலி போட்டார்கள். மெர்சியின் அம்மா பாவாத்தாள் எல்லோர் முன்னாலும் மருமகனிடம் சொன்னாள்: "வண்டியில கோளாறுன்னாச் சொல்லு, நம்பறேன். இல்லீனா எம் புள்ளையக் கொன்னது நீதான். கொன்னவங்கிட்டப் பேத்தியத் தரமாட்டேன்." பாப்பாவைப் போத்தனூருக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

போன புதன்கிழமை தமிழ்ச்செல்வன் வந்தார். சோபாவில் உட்காரச் சொன்னேன்.

"அய்யா, எங்க மாமியாருக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க. ஏர்பேக் ஏன் விரியலன்னே தெரீலீங்க. வண்டி இன்னும் ஸ்டேஷன்லதான் நிக்குது. ஆளு வெச்சுப் பாக்கறேன், பாப்பாவ எங்கிட்டத் தாங்கன்னு எழுதோணுங்க."

நான் அவசரப்படவில்லை. "ஏங்கண்ணு, லைட்டு எரிஞ்சு அணைஞ்சத மெர்சியே எண்ணிப் பாத்தா. அந்தப் புள்ள பாத்தது தப்புங்கறயா?"

"அய்யோ, அப்படியில்லீங்க."

"எத்தன வேகத்துல போன?"

"அம்பதுங்க. அறுபதும் இருக்குமோ என்னமோ."

"மழையில."

சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு, "அப்ப நாந்தானுங்களா?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லல கண்ணு. மனசுல இருக்கறத எழுதிப்போட்டா பாரம் எறங்கும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. மழையில் வேகமாக ஓட்டியது நான்தான். மெர்சி சாகக் காரணம் நான். பாப்பா உங்களிடமே இருக்கட்டும், இனி கேட்டு வரமாட்டேன். கடைசி வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. அது இல்லாமல் கடிதம் முடிந்த மாதிரி இல்லை, அதனால் நான் சேர்த்தேன். அவர் அந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு தடவை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

உறையை ஒட்டப் போனார். வாங்கி நானே ஒட்டினேன், முகவரியும் எழுதினேன். தபால் ஆபீஸ் வரை கூடவே போய், ஸ்பீட் போஸ்டில் சேர்த்து, ரசீதை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான்கு தெரு நடந்து, என் வேலை எதையும் பார்க்காமல், ஒரு மனிதருக்கு நம்மால் ஆனதைச் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.